99ஆம் தெருப் பள்ளி: ஒரு டாலருக்கு வந்த மனை

1953 ஏப்ரல் 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் ஒரு கிரயம் முடிந்தது. விற்றது ஹூக்கர் எலெக்ட்ரோகெமிக்கல் நிறுவனம். வாங்கியது நகரக் கல்வி வாரியம். நிலம் 16 ஏக்கர், விலை ஒரு டாலர். பத்திரத்தின் கடைசியில் ஒரு பத்தி இருந்தது. இந்த நிலம் ரசாயனத் தயாரிப்பில் மிஞ்சிய கழிவுகளால் முழுதாகவோ பகுதியாகவோ நிரப்பப்பட்டிருப்பது வாங்குபவருக்குத் தெரியும். அதனால் யாருக்காவது காயமோ மரணமோ நேர்ந்தாலும், சொத்துக்குச் சேதம் வந்தாலும் விற்றவர் மீது எந்தக் கோரிக்கையும் எழக்கூடாது. நிலம் பின்னால் யார் கைக்கு மாறினாலும் இதே நிபந்தனை அவர்களையும் கட்டுப்படுத்தும். வில்லங்கத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதிக் கொடுத்த பத்திரங்கள் குறைவு. வாரியம் வாங்கிக்கொண்டு, அங்கே ஒரு தொடக்கப் பள்ளியைக் கட்டியது.

லவ் கேனால் என்ற பெயரில் உலகம் அறிந்த விவகாரம் இது. பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் அக்கிரமமாகவும் ஒரு தாயின் போராட்டமாகவும் இதைச் சொல்வார்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நின்ற பள்ளிக்கூடம் அந்தக் கதைகளில் வெறும் கட்டடமாகிவிடுகிறது. என் பார்வையில் இந்த வழக்கின் முடிச்சே அங்குதான் விழுந்தது. ஆபத்து எதுவரை என்பதை அரசு வீட்டு வரிசைகளைக் கொண்டு அளந்தது. பிள்ளைகளோ பல தெருக்களிலிருந்து வந்து பகலெல்லாம் ஒரே இடத்தில், அதுவும் குப்பைக் குழியின் நடுவில், இருந்தார்கள். அரசின் கோடும் பள்ளியின் எல்லையும் கடைசிவரை பொருந்தவில்லை.

கால்வாய் குழியானது

1890களில் வில்லியம் டி. லவ் என்பவர் நயாகரா ஆற்றின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் கால்வாயால் இணைத்து, விழும் நீரில் மின்சாரம் எடுத்து, அதைச் சுற்றி ஒரு முன்மாதிரி நகரத்தை எழுப்பத் திட்டமிட்டார். 1893இன் பொருளாதாரச் சரிவில் பணம் வற்றியது. தொலைவுக்குக் கொண்டுசெல்லக்கூடிய மாறுதிசை மின்சாரம் வந்ததும் ஆலைகள் ஆற்றங்கரையிலேயே இருக்க வேண்டிய தேவையும் போயிற்று. வெட்டிய வரை வெட்டிய பள்ளம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கோடையில் சிறுவர்கள் நீந்தினார்கள், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடினார்கள்.

மலிவு மின்சாரம் ரசாயன ஆலைகளை நயாகராவுக்கு இழுத்தது. அவற்றில் ஒன்றான ஹூக்கர் 1942 முதல் பத்தாண்டுக்கு மேல் தன் கழிவுகளை அந்தப் பள்ளத்தில் கொட்டியது. மொத்தம் ஏறத்தாழ 22,000 டன். குளோரோபென்சீன்கள், லிண்டேன் பூச்சிக்கொல்லித் தயாரிப்பின் எச்சம், டையாக்சின் கலந்த டிரைகுளோரோபீனால் கழிவு எனப் பட்டியல் நீளம். பெரும்பகுதி உலோக டிரம்களில் இறங்கியது. நகராட்சிக் குப்பையும் சேர்ந்தது. நிரம்பியதும் மேலே களிமண் பரப்பி மூடினார்கள். அன்றைய வழக்கப்படி அது மோசமான ஏற்பாடு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சுற்றிலும் களிமண், மேலேயும் களிமண். யாரும் கை வைக்காதவரை அது ஓரளவு தாங்கியிருக்கும்.

கை வைத்தார்கள். போருக்குப் பின் நகரம் வீங்கிக்கொண்டிருந்தது. 1960இல் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வகுப்பறைகள் போதவில்லை, வாரியத்திடம் பணமும் இல்லை. லாசால் எனும் கிழக்குப் புறநகர்ப் பகுதியில் புதிய குடும்பங்கள் குடியேறிக்கொண்டிருந்தன. அங்கே இலவசத்துக்குச் சமமாக ஒரு மனை வந்தது. நிலத்தை விற்க விருப்பமில்லை, கட்டாயக் கையகப்படுத்தல் வரும் என்பதால்தான் கொடுத்தோம் என்று நிறுவனம் பிற்காலத்தில் வாதாடியது. பொறுப்பைக் கைகழுவ வாகான வழி கிடைத்தது என்று எதிர்த்தரப்பு சொன்னது. இரண்டுக்கும் இடமிருக்கிறது. நிலத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது.

85 அடி

இந்த வழக்கில் நான் அதிகம் திரும்பத் திரும்பப் படித்தது 1954இன் தொடக்கத்தை. அடித்தளம் தோண்டிய ஆட்களுக்கு ரசாயன டிரம்கள் நிறைந்த இரண்டு குழிகள் தட்டுப்பட்டன. கட்டடக் கலைஞர் வாரியத்தின் கல்விக் குழுவுக்கு எழுதினார். என்னென்ன கிடக்கிறது என்று தெரியாத இடத்தில் கட்டுவது சரியல்ல, கான்கிரீட் அடித்தளமே அரிக்கப்படலாம் என்பது அவர் கவலை. வாரியம் பள்ளியைக் கைவிடவில்லை. கட்டடத்தைச் சுமார் 85 அடி வடக்கே தள்ளியது. மழலையர் விளையாட்டுத் திடலையும் இடம் மாற்றியது. 

அந்தக் கடிதத்தில் கட்டடத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இருக்கிறது. வாரியம் அதற்குத்தான் விடை தேடியது. சுவர் நிற்குமா என்று பார்த்தவர்கள், சுவருக்கு வெளியே தரையில் உட்காரப்போகிறவர்கள் யார் என்று பார்க்கவில்லை.

1955இல் பள்ளி திறந்தது. ஏறத்தாழ 400 பிள்ளைகள். அதே ஆண்டு சுமார் 25 அடி அகலத்துக்கு நிலம் உள்வாங்கி டிரம்கள் வெளியே தெரிந்தன. மழையில் அந்தப் பள்ளத்தில் தேங்கிய குட்டைகள் சிறுவர்களுக்குக் கொண்டாட்டமாயின. மண்ணில் அவ்வப்போது கிடைத்த பாஸ்பரஸ் கட்டிகளை அவர்கள் ‘நெருப்புக் கல்’ என்று அழைத்தார்கள். நடைபாதையில் ஓங்கி எறிந்தால் பொறி பறந்து வெடிக்கும். ஊசிப் பட்டாசு போல் அதைச் சேகரித்து வைத்துக்கொண்டு விளையாடினார்கள். 1958இல் வெளியே தெரிந்த கழிவைத் தொட்டு மூன்று சிறுவர்களுக்குத் தோல் வெந்தது. நிறுவனம் ஆள் அனுப்பிப் பார்த்தது, வாரியத்திடம் சொன்னது. அக்கம்பக்கத்து வீடுகளில் யாரும் போய்ச் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் விசித்திரம். மீதியிருந்த நிலத்தை வீட்டுமனை விற்பவர்களுக்கு விற்க வாரியம் யோசித்தபோது, ஹூக்கரின் வழக்கறிஞர் வாரியக் கூட்டத்துக்கே வந்து எதிர்த்தார். அடித்தள அறைகளோ குழாய்களோ தோண்டத் தகுந்த நிலம் இது இல்லை என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே நிலம் பிள்ளைகளுக்குத் தகுந்ததாக இருந்தது எப்படி என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை. நகராட்சியோ அதற்குள் கால்வாயின் களிமண் சுவரை வெட்டிக் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்துக்கொண்டிருந்தது. குழாய்க்கு அடியில் பரப்பிய சரளைக்கல் வழியாகக் கசிவுக்கு நல்ல பாதை கிடைத்தது. 1960களில் தெற்கே லாசால் விரைவுச்சாலை வந்து, நிலத்தடி நீர் ஆற்றுக்கு வடிந்த வழியையும் அடைத்தது. கால்வாய் நிரம்பிய தொட்டியானது. வழியத் தொடங்கிய இடம் 97ஆம் தெருவும் 99ஆம் தெருவும்.

யார் அங்கே வாழ்ந்தார்கள்

கால்வாயின் மேல் நேராக நின்றது பள்ளி. வீடுகள் அதன் இருபுறமும். கொல்லைப்புறம் கால்வாயைத் தொடும். வாசல்கள் 97ஆம் தெருவிலும் 99ஆம் தெருவிலும். குடியிருந்தவர்களில் பலர் ரசாயன ஆலைத் தொழிலாளர்கள். சிலருக்குச் சம்பளம் கொடுத்ததே ஹூக்கர்தான். ஆலைக்கு எதிராகப் பேசுவது அப்பாவின் வேலைக்கு உலை வைப்பது என்ற அச்சம் ஊரில் இருந்தது. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னொரு அச்சம்: இடம் விஷம் என்று வெளியே தெரிந்தால் வீடு விலை போகாது.

கால்வாய்க்கு மேற்கே கிரிஃபன் மேனர் என்ற அரசு வாடகைக் குடியிருப்பு இருந்தது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சொந்த வீடு கிடையாது. அவர்களின் பிள்ளைகளும் இந்தப் பகுதிப் பள்ளிகளில்தான் படித்தார்கள், இதே திடலில்தான் விளையாடினார்கள்.

1970களின் நடுவில் மழையும் பனியும் கூடுதலாகப் பெய்தன. அடித்தள அறைகளில் கறுப்புக் கசடு ஊறியது. தோட்டத்துச் செடிகள் கருகின. 1976இல் உள்ளூர் நாளிதழான நயாகரா கெஸட்டின் நிருபர்கள் வீடுகளில் ஊறிய நீரைச் சோதிக்கக் கொடுத்து நச்சுப் பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் மைக்கேல் பிரவுன் என்ற நிருபர் தொடர்ந்து எழுதினார்.

ஒரு மனு

101ஆம் தெருவில் குடியிருந்த லோயிஸ் கிப்ஸின் மகன் 1977 செப்டம்பரில் அந்தப் பள்ளியின் மழலையர் வகுப்பில் சேர்ந்தான். சில மாதங்களில் வலிப்பு வந்தது. வெள்ளணுக்கள் குறைந்தன. பிரவுனின் கட்டுரைகளைப் படித்த பிறகுதான், பள்ளி எதன் மேல் நிற்கிறது என்பதே கிப்ஸுக்குத் தெரிந்தது. உயிரியல் ஆசிரியரான உறவினர் ஒருவரிடம் கேட்டு, கட்டுரையில் வந்த ரசாயனங்கள் நரம்பு மண்டலத்தை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டார். மகனை வேறு பள்ளிக்கு மாற்றுங்கள் என்று மருத்துவர்களின் கடிதங்களோடு கல்வி அதிகாரியிடம் போனார்.

அவருக்குக் கிடைத்த பதிலைக் கிப்ஸ் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று ஒப்புக்கொண்டு மாற்றினால், மற்ற 400 பிள்ளைகளுக்கும் பாதுகாப்பில்லை என்றாகிவிடும்; நோயாளிப் பிள்ளையின் தாய் ஒருவருக்காகப் பள்ளியை மூட முடியாது. இதில் வேடிக்கை, அதிகாரியின் தர்க்கம் முற்றிலும் சரி. ஒரு பிள்ளைக்கு ஆகாத இடம் 400 பேருக்கும் ஆகாதுதான். அதே வாக்கியத்தைக் கிப்ஸ் பிடித்துக்கொண்டார். மகனின் மாற்றல் விண்ணப்பம் பள்ளியையே மூடக் கோரும் மனுவாக மாறியது. முதல் வீட்டுக் கதவைத் தட்டி, யாரும் திறக்காததில் நிம்மதியாகி வீட்டுக்கு ஓடிவந்துவிட்டதாக அவரே சொல்கிறார். மறுபடி போனார். ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்துக்கு முன் நோய்க் கதை கிடைத்தது. கருச்சிதைவு, தோல் நோய், மூச்சிரைப்பு, பிறவிக் குறை. தனித்தனி வீட்டில் விதி என்று நினைத்திருந்தவை ஒரே தெருவில் வரிசையாக இருந்தன.

பள்ளி என்ற ஒன்று இல்லாமலிருந்தால் இந்த மனுவே பிறந்திருக்காது என்று நினைக்கிறேன். தன் வீட்டு அடித்தள அறையில் ஊறும் கசட்டைப் பற்றி ஊரறியப் பேச எவரும் கூசுவார்கள். வீட்டின் விலை நினைவுக்கு வரும். பள்ளியைப் பற்றி எல்லோரும் பேசலாம்.

அரசு போட்ட கோடு

1978 ஆகஸ்ட் 2 அன்று மாநிலச் சுகாதார ஆணையர் ராபர்ட் வேலன், தலைநகர் ஆல்பனியில் அவசரநிலையை அறிவித்தார். 99ஆம் தெருப் பள்ளி மூடப்பட வேண்டும். கால்வாயை ஒட்டிய வீடுகளில் இருக்கும் கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும். இரண்டு வயதும் ஒரு மாதமும் ஆன குழந்தை என்ன ஆவது என்று கேட்காத பெற்றோர் அந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்கள். கருவுக்கு ஆபத்து என்றால் மற்றவர்களுக்கு என்ன என்ற கேள்விக்கு அறிவிப்பில் பதிலில்லை.

ஐந்து நாள் கழித்து அதிபர் ஜிம்மி கார்ட்டர் கூட்டாட்சி அவசரநிலையை அறிவித்தார். இயற்கைப் பேரிடர் அல்லாத ஒன்றுக்கு அந்த நிதி திறக்கப்பட்டது அதுவே முதல்முறை. ஆளுநர் ஹியூ கேரிக்கு அது தேர்தல் ஆண்டு. கால்வாயைச் சுற்றிய முதல் இரண்டு வளைய வீடுகளை, ஏறத்தாழ 240 குடும்பங்களின் வீடுகளை, மாநிலமே விலைக்கு வாங்கும் என்றார். பிறகு அந்த இடத்தைச் சுற்றி வேலி வந்தது. 

கிப்ஸின் வீடு வேலிக்கு வெளியே. ஓராண்டு முழுக்கக் கால்வாயின் நடுவில் உட்கார்ந்து படித்த பையன், அரசின் கணக்கில் பாதுகாப்பான தெருவில் வசிப்பவன். வெளியே இருந்த எழுநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களில் இப்படிப் பல பிள்ளைகள். வீட்டு வரிசையைக் கொண்டு போட்ட கோடு, ரசாயனம் வீட்டுக்கு வந்ததை மட்டும் எண்ணியது. பிள்ளை ரசாயனத்திடம் போய்வந்ததை எண்ணவில்லை. பள்ளியை மூடியதோடு அந்தப் பக்கம் முடிந்துவிட்டதாக அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள்.

கோடு இன்னொரு விதத்திலும் தவறாக இருந்தது. கிப்ஸ் தலைமையில் அமைந்த வீட்டு உரிமையாளர் சங்கம், பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர் பெவர்லி பேகனின் துணையோடு, வீடு வீடாக நோய்களைக் கேட்டு வரைபடத்தில் குறித்தது. முன்னொரு காலத்தில் ஓடைகள் ஓடி, பின் மண் கொட்டி நிரப்பிய தடங்களின் மேல் நோய்கள் திரண்டிருப்பதாகத் தெரிந்தது. சங்கத்தின் கணக்கில், 1974 முதல் 1978 வரை பிறந்த 16 குழந்தைகளில் 9 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை. குடும்பத் தலைவிகள் சேகரித்த உதவாத தரவு என்று மாநிலம் தள்ளியது. அந்த ஆய்வில் குறைகள் உண்டு. எண்ணிக்கை சிறியது, கேட்டவர்களே பாதிக்கப்பட்டவர்கள். ஆயினும் 1979 பிப்ரவரியில் மாநிலமே தன் கணக்கில் அந்தப் பழைய ஓடைத் தடங்களை ஒட்டிக் கருச்சிதைவும் பிறவிக் குறையும் கூடியிருப்பதைக் கண்டு, 103ஆம் தெரு வரை கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வெளியேறச் சொன்னது. குழந்தைக்கு இரண்டு வயது முடிந்ததும் பழைய வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. நஞ்சுக்கு வயது வரம்பு வைத்த ஆணை என்று இதைச் சொல்லலாம்.

சில தெருக்கள் தள்ளி இருந்த 93ஆம் தெருப் பள்ளியின் மைதானத்திலும் கொட்டு மண்ணில் நச்சு இருப்பது தெரிந்து, 1980இல் அதுவும் மூடப்பட்டது.

எந்தச் சான்று வென்றது

1980 மே 17 அன்று கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு முடிவை வெளியிட்டது: சோதித்த 36 பேரில் 11 பேருக்கு, உயிரணுவில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களில் சிதைவு. ஊர் கொதித்தது. இரண்டு நாள் கழித்து, பேச வந்த இரண்டு முகமை அதிகாரிகளைச் சங்க அலுவலகத்துக்குள் வைத்து மக்கள் சில மணி நேரம் சிறைப்பிடித்தார்கள். அவர்களுக்குச் சாப்பிட வீட்டில் சுட்ட பிஸ்கட் கொடுத்ததும் நடந்தது. வெள்ளை மாளிகைக்குப் புதன்கிழமை வரை கெடு. அந்தப் புதன்கிழமை, மே 21 அன்று, கார்ட்டர் இரண்டாவது முறை அவசரநிலை அறிவித்தார். வெளி வளையக் குடும்பங்களும் வெளியேற வழி பிறந்தது. அக்டோபர் 1 அன்று கார்ட்டரே நயாகராவுக்கு வந்து வீடுகளை வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். டிசம்பரில் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது: கொட்டியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும், கொட்டியபோது அது சட்டப்படி குற்றமாக இல்லாவிட்டாலும் சரி.

அந்தக் குரோமோசோம் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பகுதி மக்கள் யாரும் இல்லை. நிபுணர்கள் கிழித்தார்கள். பின்னர் அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் செய்த ஆய்வில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஆக, இரண்டு ஆண்டுப் போராட்டத்தை முடித்து வைத்தது இருந்ததிலேயே பலவீனமான சான்று. இருந்ததிலேயே பலமான சான்றோ 1953 முதல் பதிவாளர் அலுவலகத்தில் தூங்கியது. டிரம்களின் மேல் பள்ளி நிற்கிறது என்பதற்கு எந்தக் குரோமோசோமும் தேவைப்படவில்லை. நோயை நிரூபித்தால்தான் வெளியேற்றம் என்ற இடத்துக்கு மக்களைத் தள்ளியபோதே அவர்கள் பாதி தோற்றிருந்தார்கள். தொடக்கப் பள்ளி அங்கே இருக்கலாமா என்று கேட்டிருந்தால் ஒரே நாளில் விடை கிடைத்திருக்கும். பள்ளியைப் பொறுத்தவரை அப்படித்தான் கிடைத்தது. ஆகஸ்ட் 2 அன்று ஒரே வரியில் அதை மூடினார்கள்.

வாடகைக் குடியிருப்பு மக்களுக்கு இந்த விடைகள் இன்னும் தாமதமாகவே எட்டின. விற்க வீடில்லாதவர்களுக்கு, வீட்டை விலைக்கு வாங்கும் திட்டத்தில் என்ன இருக்கிறது? முன்னணியில் இருந்த சங்கத்தின் பெயரிலேயே வீட்டு உரிமையாளர்கள் இருந்தார்கள். எலீன் தார்ன்டன் தலைமையில் வாடகைதாரர்கள் தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் இடையே நிறபேதமும் கசப்பும் இருந்தன. கிப்ஸின் புகழைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. பள்ளியை வைத்துத் தொடங்கிய போராட்டம், வீட்டு மதிப்பை வைத்து முன்னேறியபோது யார் பின்தங்கினார்கள் என்பது கணக்கில் வர வேண்டும்.

பின்னர்

பள்ளிக் கட்டடமும் உள் வளைய வீடுகளும் 1980களின் முதல் பாதியில் இடிக்கப்பட்டன. இடம் மறுபடி களிமண்ணாலும் செயற்கை விரிப்பாலும் மூடப்பட்டு, ஏறத்தாழ 70 ஏக்கர் வேலிக்குள் போனது. கழிவு இன்றும் கீழேயே இருக்கிறது. கசியும் நீரை எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். ஹூக்கரை 1968இல் வாங்கிய ஆக்சிடென்டல் நிறுவனம் வழக்குகளைச் சந்தித்தது. 1994இல் நீதிபதி ஜான் கர்ட்டின், நிறுவனம் கவனக்குறைவாக நடந்தது உண்மை, ஆனால் தண்டனை இழப்பீடு விதிக்கும் அளவுக்கு அல்ல என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு மாநிலத்துக்கு 98 மில்லியன் டாலரும், அடுத்த ஆண்டு கூட்டாட்சி அரசுக்கு 129 மில்லியன் டாலரும் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. கல்வி வாரியம் கொடுத்த ஒரு டாலர் அன்று லாபமாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு கணக்கு.

1988இல் வேலிக்கு வடக்கே உள்ள பகுதி குடியிருக்கத் தகுந்தது என்று மாநிலம் அறிவித்தது. 1990 முதல் பிளாக் கிரீக் வில்லேஜ் என்ற புதுப் பெயரில் பழைய வீடுகள் சந்தை விலைக்குக் குறைவாக விற்கப்பட்டன; இளம் குடும்பங்கள் வந்தன. 2004இல் அந்த இடம் சூப்பர்ஃபண்ட் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பின்னாளில் அங்கே குடியேறியவர்களும் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்.

சூப்பர்ஃபண்ட் பேசுவது கெட்ட நிலத்தை யார் காசில் சுத்தம் செய்வது என்பதை. பள்ளிக்கு எந்த நிலத்தைத் தேர்வது என்பது அந்தச் சட்டத்தின் வேலை அல்ல. அதற்கான கூட்டாட்சி வழிகாட்டுதல் 2011இல்தான் வெளிவந்தது. இடத்தின் பழைய வரலாற்றைத் தோண்டிப் பார்க்க வேண்டும், பெற்றோரை முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்று அது சொல்கிறது. பின்பற்றுவது கட்டாயமில்லை. கூட்டாட்சி அளவில் அப்படி விட்டதால், முடிவு மாநிலங்களிடமும் உள்ளூர்க் கல்வி வாரியங்களிடமுமே இருக்கிறது.